சிற்பம் கற்கும் பிள்ளைக்குக் கண்ணும் வேண்டும்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை 'சிற்பம் படிக்கப் போறேன்' என்றால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். திருப்பதியிலேயே அதற்கொரு கல்விச்சாலை உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1960-இல் தொடங்கியது. கோயில் கட்டடம், கல், சுதை, உலோகம், மரம், ஓவியம் என நான்காண்டுப் பட்டயப் படிப்புகள் நடக்கின்றன.

இக்கலைக்கு அரிச்சுவடி தாளமானம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். அங்குலம்னா நம்ம கடை ஸ்கேலில் உள்ள இஞ்சு அல்ல. செய்யப்போகும் சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஆகவே சாண் உயரப் படிமத்துக்கும் ஆளுயரப் படிமத்துக்கும் கணக்கு ஒன்றே.

கணக்கு மட்டும் போதுமா? திருப்பதிக்கு அருகே குடிமல்லம் லிங்கத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்தடிக் கல். குள்ளன் தோள்மேல் நிற்கும் சிவன். கையில் ஆடு, தோளில் மழு. கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. இன்று நமக்குக் கிடைக்கும் சிற்ப நூல்களுக்கு முந்தியது. அதை 124-ஆல் அளந்து 'பிசகு' என்பது நியாயமா? சித்தூருக்குத் தென்கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் வள்ளிமலைப் பாறையிலுள்ள 9-ஆம் நூற்றாண்டுச் சமணப் படிமங்களையும் அந்தக் காலத்தோடு வைத்துத்தான் பார்க்கணும்.

இந்த வரலாற்றுப் பார்வை இல்லாத கைதான் பழஞ்சிலையைத் 'திருத்துகிறேன்' என்று உளி வைக்கிறது. பழைய சுதை உருவத்தின்மேல் பெயிண்டு பூசுகிறது. போனது திரும்பாது. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிமல்லத்துக்கும் கூட்டிப் போங்கள்.