பத்து டன் இரும்புக்கு ஸீரோ எங்கே இருக்கு?

தூத்துக்குடியில் படிக்கிற யாருக்கும் காற்றாலை பிளேடு புதுசு இல்ல. துறைமுகத்துக்குப் போற ரோட்டில், நீளமான ட்ரெய்லரில், முன்னாடி ஒரு வண்டி பின்னாடி ஒரு வண்டி காவலோடு அது ஊர்ந்து போவதைப் பார்த்திருப்போம். வ.உ.சி. துறைமுகத்தில் 80 மீட்டருக்கும் மேல் நீளமான பிளேடுகள் எல்லாம் கப்பல் ஏறியிருக்கின்றன. நாமளும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். ஆனால் அந்த மூணு பிளேடையும் நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கிற பொருளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதற்குப் பெயர் ஹப். கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற காற்றாலைகளின் மூக்கில், ஃபைபர் மூடிக்கு உள்ளே, அது ஒளிந்திருக்கிறது.

ஹப் என்பது ஒரே வார்ப்பாக ஊற்றிய இரும்பு. 2 மெகாவாட் ரக டர்பைனுக்கு அது ஏறக்குறைய 10 டன் எடை வரும். உள்ளே ஆள் நுழைந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய கூடு. சாதாரண வார்ப்பிரும்பு இல்லை, கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கிற எஸ்.ஜி. அயர்ன். நம்ம மாநிலத்தில் கோயம்புத்தூர் இந்த வேலைக்குப் பேர் போனது. பம்ப் காஸ்டிங்கில் ஆரம்பித்த ஊர், இன்றைக்குக் காற்றாலை காஸ்டிங்கும் ஊற்றுகிறது. சுஸ்லான் குழுமத்தின் எஸ்இ ஃபோர்ஜ் பவுண்டரி அங்கேதான் இருக்கிறது.

ஊற்றிய ஹப்பை அப்படியே மாட்ட முடியாது. மூணு பிளேடு உட்காரும் மூணு முகம், மெயின் ஷாஃப்ட் சேரும் ஒரு முகம், ஒவ்வொன்றிலும் வரிசையாக போல்ட் ஓட்டைகள். இதையெல்லாம் பெரிய ஹாரிசாண்டல் போரிங் மெஷினில் வெட்டி எடுக்கணும். சிஎன்சி தான், புரோகிராம் போட்டால் வெட்டிடும். ஆனால் புரோகிராமில் இருக்கிற எக்ஸ் ஸீரோ, ஒய் ஸீரோ, இசட் ஸீரோ இந்தக் கரடுமுரடான இரும்பில் எங்கே இருக்கு? நம்ம லேபில் அலுமினியம் கட்டையை வைஸில் பிடித்து, மூலையைத் தொட்டு, ஜி54-ல் நம்பரைப் போட்டால் முடிந்தது. ஹப்புக்கு மூலையே கிடையாது. நேரான ஒரு முகம்கூடக் கிடையாது.

காஸ்டிங் ஏன் டிராயிங் மாதிரி வருவதில்லை என்று முதலில் பார்க்கணும். உருகின இரும்பு உறையும்போது சுருங்கும். எஸ்.ஜி. அயர்னுக்கு அது ஏறக்குறைய 1 சதவீதத்துக்குள் இருக்கும் என்று வைத்து, பேட்டர்னை அந்த அளவுக்குப் பெருசாகச் செய்கிறார்கள். 3 மீட்டர் நீளத்தில் 1 சதவீதம் என்றால் 30 மி.மீ. அந்தக் கணக்கு 0.1 சதவீதம் தப்பினால்கூட 3 மி.மீ. போச்சு. இதோடு, உள்ளே வெற்றிடம் வருவதற்காக வைக்கிற மணல் கோர் கொஞ்சம் நகரும், இரும்பின் அழுத்தத்தில் மிதக்கப் பார்க்கும். அதனால் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. இதற்காகத்தான் வெட்டப்போகிற ஒவ்வொரு முகத்திலும் சில மில்லிமீட்டர் கூடுதல் இரும்பு விட்டு ஊற்றுகிறார்கள். மெஷினிங் அலவன்ஸ் என்பது அதுதான்.

எங்கேயாவது ஓர் இடத்தில் இரும்பு பத்தாமல் போனால், வெட்டி முடித்தும் அந்த இடத்தில் கறுப்பாக வார்ப்புத் தோல் அப்படியே நிற்கும். வெல்டிங் வைத்து ஏற்றிடலாமே என்று தோணும். ஓயாமல் காற்றடி வாங்குகிற ஹப் மாதிரி காஸ்டிங்கில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை. மறுபடி உருக்கத்தான் போகணும். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பு உருக்க 500, 600 யூனிட் மின்சாரம் ஆகும். 10 டன்னுக்கு ஏறக்குறைய 6,000 யூனிட். நம்ம வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வருதே, அப்படி 60 வீட்டுக்கானது. மணல், கோர், ஆள்கூலி எல்லாம் தனி.

முத்துக்கு ஓட்டை போட்டவர்கள்

உருவம் சரியில்லாத பொருளைப் பிடித்துத் துல்லியமாக வேலை செய்வது நம்ம கடற்கரைக்குப் புது விஷயம் இல்லை. ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் இலங்கையைப் பற்றி 1807-ல் வெளியிட்ட புத்தகத்தில், மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துக்கு ஓட்டை போடும் முறையை விவரமாக எழுதியிருக்கிறார். மூணு காலில் நிற்கும் ஒரு மரக்கட்டை. அதன் மேல்முகத்தில் பல அளவில் சின்னச் சின்னக் குழிகள். முத்துக்கு ஏற்ற குழியைத் தேர்ந்து, அதில் முத்தைத் தட்டி இறுக்குவார்கள். வில்லால் சுழற்றும் ஊசிதான் ட்ரில். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர். சுண்டுவிரலை அதில் நனைத்து நனைத்து, வேலையை நிறுத்தாமலே ஊசியில் சொட்டு வைப்பார்களாம்.

நம்ம பாடப்புத்தகத்தில் லொக்கேட்டர், கிளாம்ப், கூலன்ட் என்று தனித்தனித் தலைப்பில் வருவது எல்லாம் ஒரே மரக்கட்டையில் முடிந்துவிட்டது! இதில் எனக்குப் பிடித்தது வேற ஒன்று. முத்தில் கறையோ பள்ளமோ இருந்தால், ஓட்டையை அந்த இடத்திலேயே விழ வைப்பது முத்து வேலைக்காரர்களின் வழக்கம். ஓட்டை போட்டபின் குறை காணாமல் போகும். பொருளில் இருக்கிற குறையை மாற்ற முடியாது, ஆனால் அது எங்கே போய் விழணும் என்பதை முடிவு பண்ணலாம். காஸ்டிங்கிலும் இதைத்தான் செய்கிறோம். கொஞ்சம் பொறுங்க, அதற்கு முன்னாடி ஹப்பை மேஜையில் உட்கார வைக்கணும்.

மூணு கால் ஆடாது

நாலு கால் ஸ்டூல் டீக்கடையில் ஆடும். மூணு கால் ஸ்டூல் எந்தத் தரையிலும் ஆடாது. ஃபிக்ஸ்சர் டிசைனின் பாதி இதுதான். ஒரு திடப்பொருளுக்கு ஆறு விதமான அசைவு உண்டு: மூணு திசையில் நகர்வது, மூணு அச்சில் திரும்புவது. அடியில் மூணு புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. இந்த 3-2-1 வைத்தால் ஆறும் நின்றுபோகும். ஏழாவது புள்ளி வைத்தால் அது உதவி இல்லை, சண்டை.

அடியில் வைக்கிற மூணும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கணும், காஸ்டிங்கின் எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் விழணும். கரடான வார்ப்பு முகத்தில் உட்காருவதால், தலை சாய்ந்து கொடுக்கிற பேட் வைப்பார்கள். அந்தக் கரட்டு முகத்தை டேட்டமாக ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். முதல் செட்டிங்கில் ஒரு முகத்தை வெட்டிவிட்டால், அடுத்ததில் இருந்து வெட்டின முகம்தான் டேட்டம். ஏன்னா கரட்டு முகத்தில் இரண்டாவது தடவை வைக்கும்போது அது அதே இடத்தில் உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மூணு புள்ளி போதும் என்றாலும், வெட்டும்போது தொங்குகிற பக்கம் அதிரும். அங்கே ஸ்க்ரூ ஜாக் வைத்துத்தான் ஆகணும். ஆனால் அது தாங்கணும், தூக்கக் கூடாது. பக்கத்தில் டயல் இண்டிகேட்டர் வைத்து, ஜாக்கை மெதுவாகத் திருகி, முள் அசைய ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்துகிறார்கள். கிளாம்பும் அப்படித்தான், நேராகத் தாங்கிக்கு மேலேயே விழணும். தாங்கி இல்லாத இடத்தில் இறுக்கினால் 10 டன் இரும்பும் வளையும். வளைந்த நிலையில் சமதளமாக வெட்டுவோம். கிளாம்பைக் கழற்றியதும் இரும்பு பழைய நிலைக்குத் திரும்பும், நாம் வெட்டிய சமதளம் கோணலாகும். அதனால்தான் ரஃப் வெட்டு முடிந்ததும் கிளாம்பை எல்லாம் தளர்த்தி, மூச்சு விட்டு, லேசாக மறுபடி இறுக்கி ஃபினிஷ் வெட்டு எடுப்பது. மேல்தோலை வெட்டி எடுக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த வார்ப்பு அழுத்தம் விடுபட்டு வடிவம் கொஞ்சம் மாறும். அதையும் இந்தத் தளர்த்தல் காட்டிக்கொடுக்கும்.

தொட்டுப் பார்த்து முடிவு பண்ணுவது

இப்போ ப்ரோப். ட்ரில் மாதிரியே ஸ்பிண்டிலில் மாட்டுவது, முனையில் சின்ன ரூபி உருண்டை. 1972-ல் ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் என்ஜினில் மெல்லிய குழாய்களை அளக்க வழி தேடிக் கண்டுபிடித்தது இந்த டச் டிரிகர் ப்ரோப். அடுத்த வருஷமே ஜான் டீருடன் சேர்ந்து ரெனிஷா கம்பெனியைத் தொடங்கினார். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? ஸ்டைலஸுக்கு மூணு கை. ஒவ்வொரு கையும் இரண்டு உருண்டைகளுக்கு நடுவில் ஸ்ப்ரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். மொத்தம் ஆறு தொடுபுள்ளி! ஹப்பைப் பிடித்த அதே ஆறு. அந்த ஆறின் வழியாகவும் மின்சாரம் ஓடுகிறது. ரூபி எதையாவது தொட்டால் ஒரு புள்ளி லேசாக விலகும், மின்தடை ஏறும், அதுதான் சிக்னல். விலகிய கை மறுபடி அதே இடத்தில் மைக்ரான் கணக்கில் வந்து உட்காரும். மெஷின் பக்கத்தில், ஃபானக் கன்ட்ரோலில் ஜி31 என்று ஒரு கட்டளை. சிக்னல் வந்த நொடியில் மெஷின் எங்கே இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, மிச்ச நகர்வை ரத்து பண்ணிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மெயின் ஷாஃப்ட் பக்கத்து போரில் சுற்றிலும் 8 மி.மீ. அலவன்ஸ் விட்டிருக்காங்க. கோர் ஒரு பக்கமாக 9 மி.மீ. நகர்ந்துவிட்டது. வெளிப்புறத்தைத் தொட்டு மையத்தை எடுத்தால் ஒரு பக்கம் 17 மி.மீ. வெட்டணும், எதிர்ப்பக்கம் வெட்ட எதுவுமே இல்லை, 1 மி.மீ. பள்ளம். காஸ்டிங் ஸ்கிராப். இப்போ போரையும் உள்ளே தொட்டுப் பார்த்து, ஸீரோவைக் கோர் போன திசையில் 4 மி.மீ. தள்ளி வைங்க. மிச்சம் 5 மி.மீ. மட்டும்தான் தப்பு, ஆக மெலிந்த பக்கத்திலும் 3 மி.மீ. வெட்ட இருக்கு. அதே ஹப், அதே இரும்பு. ஒரு நம்பர் மாறியதில் பிழைத்துவிட்டது.

ஆனால் சும்மா பிழைக்கவில்லை. ஸீரோ நகர்ந்ததில் வெளிச்சுவர் ஒரு பக்கம் 4 மி.மீ. மெலிந்தும் எதிர்ப்பக்கம் 4 மி.மீ. தடித்தும் வரும். டிராயிங் அதை அனுமதிக்கணும். இன்னொன்று, ஹப்பில் எல்லா முகமும் ஒரே ஸீரோவில் கட்டுப்பட்டவை. தள்ளிய திசையில் ஒரு பிளேடு முகம் இருந்தால், அங்கே வெட்ட வேண்டியதில் 4 மி.மீ. குறையும். 120 டிகிரி தள்ளி இருக்கிற மற்ற இரண்டிலும் 2 மி.மீ. கூடும். நகர்த்துவது மட்டுமில்லாமல் கொஞ்சம் திருப்பியும் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான புள்ளிகளை வைத்து, எந்த முகத்திலும் இரும்பு பத்தாமல் போகாதபடி ஆறு எண்களைக் கண்டுபிடிக்கிற வேலையை இப்போ சாஃப்ட்வேர் செய்கிறது. அதைத்தான் பெஸ்ட் ஃபிட் என்கிறார்கள். முத்துக்காரர் கண்ணால் செய்தது.

மணல் ஒட்டின முகத்தில் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு நம்புவது லாட்டரி. அந்த இடத்தில் ஒரு மேடோ மணல் குழியோ இருக்கலாம், நாலைந்து புள்ளி தொட்டுச் சராசரி எடுக்கணும், பெரிய ரூபி போடணும். ஆழத்தில் எட்டணும் என்று நீளமான ஸ்டைலஸ் போட்டால் அது வளையும், அதே நீளத்தில் ரிங் கேஜில் காலிபரேட் பண்ணியிருக்கணும். இதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். வராத ஒன்று உண்டு. மெஷினின் இரண்டு அச்சுகள் சரியாக 90 டிகிரியில் இல்லை என்று வைங்க. வெட்டியது கோணல். அதே மெஷினில் ப்ரோப் மாட்டி அளந்தால், கோணலான ஸ்கேலில் கோணலான பொருள் நேராகத் தெரியும். அதனால் முடிந்த ஹப்பை லேசர் டிராக்கர் போல வேற ஒரு கருவியால் அளப்பது அவசியம். "மெஷின்லயே ப்ரோப் இருக்கே, தனி இன்ஸ்பெக்‌ஷன் எதுக்கு" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் எந்த ஷெட் 20 டிகிரியில் இருக்கு? ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11 மைக்ரான் நீளும். 3 மீட்டர் ஹப் யார்டில் வெயிலில் கிடந்து, மெஷினைவிட 10 டிகிரி அதிகச் சூட்டில் உள்ளே வந்தால் 0.33 மி.மீ. வித்தியாசம். பிளேடு பேரிங் உட்காரும் முகத்துக்கு அது பெரிய நம்பர். அதனால் ஒரு ராத்திரி ஷெட்டிலேயே போட்டுவைத்து, காலையில் ஃபினிஷ் வெட்டும் அளவும் எடுப்பார்கள்.

இன்-பிளான்ட் ட்ரெயினிங் போன ஒரு ஷாப்பில் நல்ல ப்ரோப் இருந்தது. ஆனாலும் காஸ்டிங் வந்ததும் முதலில் மெஷினுக்கு ஏற்றவில்லை. வெளியிலேயே மார்க்கிங் டேபிளில் வைத்து, சுண்ணாம்பு பூசி, ஹைட் கேஜால் கோடு கிழித்தார்கள். ப்ரோப் இருக்கும்போது இது எதுக்குண்ணா என்று மார்க்கிங் பார்க்கிறவரிடம் கேட்டேன். கோட்டுக்கு வெளியே இரும்பு இருக்கா இல்லையான்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும் தம்பி, தேறாத காஸ்டிங்கை கிரேன்ல தூக்கி, அரை நாள் செட்டிங் பண்ணி, ப்ரோப் போட்டா தெரிஞ்சுக்கணும் என்றார். பேசிக்கொண்டே அடுத்த கோட்டைக் கிழித்துவிட்டார்.