முன்னர்த் தீர்க்கத்தக்க கடன் யாது?

மனிதன் பிறக்கும்பொழுதே இருடிகள் கடன், தேவர் கடன், பிதிரர் கடன் என மூன்று கடன்களோடு பிறக்கின்றான் என்பது நம் தரும நூல்களின் கொள்கை. வேதம் ஓதுதலால் முதலாவதும், வேள்வியால் இரண்டாவதும், மகப்பேற்றால் மூன்றாவதும் தீரும் என அந்நூல்களே வழியும் வகுத்துள்ளன. வட்டி ஏறும் கடன்களுக்கோ இத்தகைய ஒழுங்கு எதனையும் எவரும் நமக்குக் கற்பித்தாரில்லை. கல்லூரியிலே கூட்டுவட்டிக் கணக்குப் போட்டு முழுப்புள்ளி வாங்கியவரும், தம் சொந்தக் கடனட்டைக் கூற்றைக் கண்டவிடத்து அக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

சப்பிரகமுவத் தோட்டங்களிலே பிறந்து, கல்வியால் உயர்ந்து, கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் இளைஞர் இன்று பலர். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் அவர்தம் பெற்றோர் இன்னும் வாழ்கின்றனர். ஒரே குடும்பத்தின் கடன் இவ்வாறு இரண்டு இடங்களில் வளர்கின்றது. லயத்திலே தாயாரின் பெயரில் கிழமைக் கடன். பட்டினத்திலே அடகில் நகை. கொழும்பிலே மகனின் பெயரில் கடனட்டை. தாயார் மகனுக்குச் சொல்வதில்லை. மகன் தாயாருக்குச் சொல்வதில்லை. இருவரும் தத்தம் கடனைத் தனித்தனியே அடைக்க முயல்வதனால், குடும்பத்தின் பணம் பெரும்பாலும் தகாத இடத்திற்கே முதலிற் செல்கின்றது. இதனை விளக்குவதே நம் நோக்கம்.

முதற்கண் செய்யத்தக்கது, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுதல். தோட்டத்து மக்களின் கடனைத் தாளில் எழுதும் வழக்கம் புதியதன்று. இந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவும், வந்தபின் வாங்கிய பிற முற்பணங்களும் தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்ற காலம் ஒன்றிருந்தது. அவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றிற்குச் செல்வதாயின், 'இவன் கடன் இவ்வளவு. இதனைச் செலுத்துவார்க்கு இவனை விடுவிப்போம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அச்சீட்டிற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டத்தார் பழைய கடனைக் கட்டுவர். கட்டிய தொகை புதிய தோட்டத்துக் கடனாகும். 1921 ஆம் ஆண்டில் துண்டுமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அத்தாளிலும் கணக்கு இருந்தது. ஆனால் அது கடன்பட்டவன் எழுதிய கணக்கன்று. நாம் கூறுவதோ, கடன்பட்ட குடும்பத்தார் தாமே ஒருங்கிருந்து எழுதும் தாள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, தாமதித்தால் என்ன நேரும் என்னும் நான்கும் அதிலே வரவேண்டும்.

வட்டியை ஒரே அளவைக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது. ஒருவர் மாதத்திற்கு இவ்வளவு என்பார், ஒருவர் ஆண்டிற்கு இவ்வளவு என்பார், மற்றொருவர் வட்டியைக் கூறாது தவணையை மட்டும் கூறுவார். ஆதலின், '10,000 ரூபாவை இக்கடனிற் கட்டினால் மாதந்தோறும் எவ்வளவு வட்டி குறையும்?' என்று ஒவ்வொன்றையும் கேட்டல் வேண்டும்.

ஓர் உதாரணக் குடும்பத்தைக் கொள்வோம். தொகைகள் விளக்கத்தின்பொருட்டு நாம் அமைத்தவை. மகனின் கடனட்டையில் 120,000 ரூபா நிலுவை. இவ்வாண்டுத் தொடக்கத்தில் 80,000 ரூபாவிற்கு அடகு வைத்த நகை. மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்கிய மீற்றர் வட்டிக் கடன் 10,000 ரூபா. தாயார் 50,000 ரூபா வாங்கிப் பாதித் தவணை கட்டிய நுண்கடன். கடைப் பற்று 15,000 ரூபா. இவையன்றிச் சம்பளத்திற் கழிக்கப்படும் தீபாவளி முற்பணமும் உண்டு. அதற்கு வட்டியில்லையாதலின் அது தானே கழிந்து தீரட்டும்.

கடனட்டை வட்டி நிலையானதன்று. 2020 இல் மத்திய வங்கி அதற்கு 18 வீத உச்சவரம்பு விதித்தது. 2022 ஏப்பிரலில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வட்டி 36 வீதம் வரை ஏறிற்று. 2023 ஆகஸ்டில் கடனட்டைக்கு 28 வீதம், அடகிற்கு 18 வீதம் என வரம்பு வகுக்கப்பட்டது. இவ்விரண்டையுமே நாம் கணக்கிற்கு எடுத்துக்கொள்கின்றோம். வாசகர் தத்தம் கூற்றில் உள்ள வீதத்தை இட்டுக் கணித்துக்கொள்க.

இப்பொழுது 10,000 ரூபா கையில் உளதாயின், அதனை அடகிற் கட்டினால் மாதம் 150 ரூபா வட்டி குறையும். கடனட்டையிற் கட்டினால் 233 ரூபா குறையும். மீற்றர் வட்டிக்காரருக்குக் கட்டினால் 1,000 ரூபா குறையும். 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்: அச்சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு முழுப்பேர் அவ்வொரு சிறு கடனின் வட்டிக்கே போயிற்று. கடனட்டையின் 120,000 ரூபாவிற்கு மாத வட்டி 2,800 ரூபா; 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபின்னும் அது இரண்டு நாள் உழைப்பிற்கு மேற்பட்டது. தொகையிற் பெரியது முதலில் தீர்க்கத்தக்கது என்பது பொதுவான எண்ணம். தொகையன்று, வட்டியின் வேகமே ஒழுங்கை நிர்ணயிப்பது.

எனினும் லயத்திலே நிகழ்வது வேறு. கிழமைக் கடன் அறவிடுபவர் குறித்த நாளில் வாயிலில் வந்து நிற்பார். அயலார் கேட்கப் பேசுவார். கடனட்டைக் கூற்றோ மின்னஞ்சலில் ஓசையின்றி வருகின்றது. அதிலே 'ஆகக் குறைந்த கொடுப்பனவு' என்று ஒரு சிறு தொகை இருக்கும். அது நிலுவையில் 5 வீதம் என்று கொண்டால், நம் உதாரணத்தில் 6,000 ரூபா. அதனைக் கட்டியவர் கடமை முடிந்ததெனக் கருதுவர். ஆனால் அதில் 2,800 ரூபா வட்டி. முதலிற் குறைவது 3,200 ரூபா மட்டுமே. அன்றியும், நிலுவை நின்ற அட்டையிற் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத் தவணைநாள் கிடைப்பதில்லை. அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் காசு எடுப்பார்க்கோ அன்றே வட்டி தொடங்குவதோடு கட்டணமும் உண்டு. ஆகவே கடன் தீருங்காறும் அட்டை வீட்டுப் பெட்டியில் இருப்பதே தக்கது.

தாயாரின் நுண்கடனே இவற்றுள் நுணுக்கமானது. கற்றோரும் ஏமாறும் இடம் இதுவாதலின் சற்று விரித்துக் கூறுவோம். 50,000 ரூபாவிற்கு மாதம் நூற்றுக்கு 2 வீதம், 12 தவணை என்பர். ஆண்டிற்கு 24 வீதந்தானே, கடனட்டையிலும் குறைவன்றோ என்று தோன்றும். ஆனால் வட்டி 12,000 ரூபாவும் முழு முதலுக்கும் முன்கூட்டியே கணிக்கப்பட்டு, மாதம் 5,167 ரூபாவாகப் பிரிக்கப்படுகின்றது. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வரவும், வட்டி குறைவதில்லை. குறையும் நிலுவைக்கு ஏற்பக் கணித்துப் பார்ப்பின் உண்மை வட்டி ஆண்டிற்கு 41 வீதத்திற்கும் மேலாகும். அப்படியாயின் கடனட்டைக்கு முன் இதனை அல்லவோ தீர்க்கவேண்டும்? ஈண்டுத்தான் நிறுவனத்தாரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: 'எஞ்சிய ஆறு தவணையையும் இன்றே கட்டினால் வட்டியைத் தள்ளுவீர்களா?' தள்ளுவர் எனின், இது கடனட்டைக்கு முன்னதாகும். தள்ளாது 31,000 ரூபாவையும் முழுமையாகக் கேட்பர் எனின், முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு சதமும் மிஞ்சாது. அதன் வட்டி ஏற்கெனவே முடிந்துபோன காரியம். அந்நிலையில் தவணைப்படியே கட்டிச் செல்க. தவணை தவறுதல் மட்டும் கூடாது. இத்தகைய கடன்கள் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணைநின்று பெறுபவையாதலின், தவறிய தவணை அடுத்த காம்பிராவிலுள்ள பெண்ணின் தலையில் விழும். மாரியம்மன் திருவிழாவில் ஒன்றாகப் பொங்கல் வைப்பவரிடையே அதனால் விளையும் பகை எவ்வட்டிக் கணக்கிலும் அடங்காது.

இனி, வீட்டுச் செலவும் நுண்கடன் தவணையும் போகத் தாயும் மகனும் சேர்ந்து மாதம் 20,000 ரூபா ஒதுக்குவதாகக் கொள்வோம். முதல் மாதம் மீற்றர் வட்டிக் கடன் வட்டியுடன் 11,000 ரூபா கொடுத்துத் தீரும். எஞ்சிய 9,000 ரூபா கடனட்டைக்கு. இரண்டாம் மாதம் முதல் 20,000 ரூபாவும் கடனட்டைக்கே. எட்டாம் மாதத்தில் கடனட்டை தீர்ந்து 16,000 ரூபாவிற்கு மேல் மிஞ்சும். பன்னிரண்டாம் மாத முடிவில் அடகு நகைக்கு முதலும் வட்டியுமாக 94,400 ரூபா வேண்டும்; கையிலோ 96,000 ரூபாவிற்கு மேல் சேர்ந்திருக்கும். நகை மீளும்.

நகையின் தவணை இதற்கு முன்னரே முடிவதாயின் ஒழுங்கு சிறிது மாறவேண்டும். தவணை கடந்த நகை ஏலத்திற்குப் போகும். போனபின் 18 வீதம் என்ற கணக்கிற்குப் பொருளில்லை. முடிவு நாளுக்கு முன் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்துவிட்டு, மீண்டும் கடனட்டைக்குத் திரும்புதல் வேண்டும். அன்றியும், வீட்டில் அடகு வைக்காத நகை வேறு இருப்பின் அதனை 18 வீதத்திற்கு வைத்து, 120 வீதமாகிய மீற்றர் வட்டியை அன்றே தீர்ப்பது நன்று. கடன் வாங்கிக் கடன் அடைத்தல் பொதுவிற் பழிக்கத்தக்கதாயினும், இவ்வொன்றிற்கு நாம் விலக்களிப்போம். ஒருமுறையில் அறவிடும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்பது மனுநூல் விதி. இலங்கையிலும் 1918 ஆம் ஆண்டின் கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டம், கொடிய வட்டி ஒப்பந்தங்களை நீதிமன்றம் மீள ஆராய இடமளித்தது. ஆயினும் 10,000 ரூபாவிற்காக நீதிமன்றம் ஏறுவார் யார்? விரைந்து தீர்த்தலே வழி.

சிறிய கடனை முதலில் தீர்த்தால் மனம் ஊக்கம் பெறும் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றை முற்றாகத் தள்ளுதல் பொருந்தாது. 15,000 ரூபாக் கடைப் பற்றை முன்னே தீர்த்து, அவ்வளவிற்குக் கடனட்டையைப் பிற்படுத்தினால், மாதம் 350 ரூபா நட்டம். அதற்கு ஈடாகக் கடைக்காரரிடம் தலைநிமிர்ந்து நிற்கலாம்; கைக்காசிற்கு விலை குறைந்த வேறு கடையிலும் வாங்கலாம். 350 ரூபா அதற்குத் தகும் என்று ஒரு தாயார் கருதுவாராயின் நாம் மறுக்கமாட்டோம். மீற்றர் வட்டியைப் பிற்படுத்துவதற்கு மட்டும் எந்த ஊக்கமும் ஈடாகாது.

ஆறாம் மாதத்தின்பின் நுண்கடன் தவணை முடிந்து 5,167 ரூபா விடுபடுமே, அதனை ஏன் கணக்கிற் சேர்க்கவில்லை என்று மாணவர் கேட்கலாம். மழையை எண்ணியே சேர்க்கவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகள் நனைந்துகொண்டே இருக்கும். காலையில் மழை பெய்தால் இறப்பர் மரத்திற் பால் வெட்ட இயலாது, பேர் குறையும். பெப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பாலும் குறையும். ஆண்டு முழுதும் ஒரே தொகை ஒதுக்க முடியும் என்பது கொழும்பு உத்தியோகத்தர் கணக்கு, தோட்டத்துக் கணக்கன்று. எனவே மீற்றர் வட்டி தீர்ந்தவுடன், ஒரு மாத அரிசிக்கும் மருந்திற்கும் போதிய காசைத் தனியே வைத்துவிட்டுத்தான் கடனட்டையில் மிகுதியைக் கட்டவேண்டும். 2016 மேயில் அரநாயக்காவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தபொழுதும், 2017 மேயில் இரத்தினபுரி நீரில் மூழ்கியபொழுதும் கண்டோம்; அத்தகைய நாளில் கையிற் காசில்லாதவன் வட்டியைக் கேட்டுக் கடன் வாங்குவதில்லை.

தீர்ந்த கடனுக்கு எழுத்து வேண்டும். மீற்றர் வட்டிக்காரரிடம் கைச்சாத்திட்ட புரோநோட்டோ காசோலையோ இருப்பின், பணம் கொடுக்கும் அன்றே அதனைத் திரும்பப் பெறுக. கடனட்டை தீர்ந்தபின் நிலுவை இல்லை என்று வங்கியிடம் கடிதம் பெறுக. பின்னொரு நாள் வீடு கட்டக் கடன் கேட்குமிடத்து வங்கியார் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையே முதலில் நோக்குவர். அடகுச் சீட்டு தாயார் பெயரில் இருக்குமாயின், நகை மீட்க அவரே அடையாள அட்டையுடன் செல்லவேண்டும். அதற்கு அவருக்கு ஒரு பேர் போகும். மகன் அன்று விடுமுறை பெற்று ஊருக்கு வந்து, தாயாருடன் பஸ் ஏறிச் செல்க.