கணக்கைச் சரிபார்க்க வந்த கணினி

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கைப் புத்தகம் ஒன்று தருகிறார்கள். அதில் கணக்காய்வாளர் கையொப்பமிட்ட பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? லாப ஈவு எத்தனை விழுக்காடு என்று பார்த்துவிட்டுத் தேநீர் மேசைக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் நம் பணம் அங்கே இருக்கிறது. 1986ஆம் ஆண்டில், வைப்புத்தொகை வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களைப் பேங்க் நெகாரா முடக்கியபோது, சிறுகச் சிறுகச் சேர்த்ததை எடுக்க முடியாமல் இந்நாட்டில் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள்.

கணக்காய்வாளர் எல்லாச் சீட்டுகளையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஆயிரக்கணக்கானவற்றில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்துச் சோதிப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. ஒரே ஒரு பருக்கையில் நஞ்சு இருந்தால் என்ன செய்வது?

இன்று கணினி ஒரு பருக்கை விடாமல் பார்க்கிறது. தோட்டத்துச் செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டுப் போனவர் பெயரில் சம்பளம் போட்டு எடுப்பது பழைய தந்திரம். ஐந்நூறு பெயர்களில் இரண்டு பெயருக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருந்தால் மனிதக் கண் ஏமாறலாம்; கணினி நொடியில் காட்டிவிடும். ஐயாயிரம் வெள்ளியைத் தாண்டினால் மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இருக்க, ஒரே கடையிலிருந்து 4,900 வெள்ளிக்கு வரிசையாகச் சீட்டுகள் வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு வித்தை இதைவிடச் சுவையானது. மடக்கை வாய்பாட்டுப் புத்தகத்தில் முதல் பக்கங்கள் மட்டும் அதிகம் தேய்ந்து அழுக்கேறியிருப்பதை 1881இல் சைமன் நியூகோம் என்ற வானியல் அறிஞர் கவனித்தார். 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்பவர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி அதை ஆராய்ந்தார். இயல்பாக விளையும் எண்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு 1 என்ற இலக்கத்தில் தொடங்குகின்றன. 9இல் தொடங்குபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பொய்க்கணக்கு எழுதுபவர் இதை அறியாமல் எல்லா இலக்கங்களையும் சமமாகத் தூவிவிடுவார். அங்கே அகப்பட்டுக்கொள்வார்! எல்லாருக்கும் ஒரே சம்பளம் உள்ள பட்டியல் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இவையெல்லாம் நாம் சொல்லிக்கொடுக்கும் விதிகள். இயந்திரக் கற்றல் அதற்கும் அடுத்த படி. சில ஆண்டுக் கணக்குகளைக் கொடுத்தால், யார், எப்போது, எவ்வளவு பதிவது வழக்கம் என்பதைக் கணினி தானே பழகிக்கொள்கிறது. வழக்கம் மாறினால் கோடிட்டுக் காட்டுகிறது. தீபாவளி ஓராண்டு அக்டோபரிலும் மறு ஆண்டு நவம்பரிலும் வருவதால், தொழிலாளருக்குக் கொடுத்த முன்பணமும் அதற்குச் சந்தேகமாகப் படலாம். கிராணியைக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. திருட்டு பத்தாண்டாக நடந்திருந்தால், அதையே வழக்கம் என்று அது கற்றுக்கொள்ளும்.

மேலும், கணினி படிப்பது ஏட்டில் உள்ளதை மட்டுமே. ஏடே பொய்யாக இருந்தால்? ஜெர்மனியில் வயர்கார்ட் என்ற மின்னியல் பணப்பட்டுவாடா நிறுவனத்தில் அதுதான் நடந்தது. உலகின் நான்கு பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்று பல ஆண்டுகள் அதன் கணக்குகளில் கையொப்பமிட்டிருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் இரண்டு வங்கிகளில் 190 கோடி யூரோ இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். 2020 ஜூனில் விசாரித்தபோது, வயர்கார்ட் தங்கள் வாடிக்கையாளரே இல்லை, காட்டிய பத்திரங்கள் போலி என்று இரு வங்கிகளும் கைவிரித்தன. அம்மாதமே நிறுவனம் நொடித்தது.

அப்பணம் உண்டா என்று வங்கியையே நேரில் கேட்பதுதான் அங்கே தேவைப்பட்ட சோதனை. நிறுவனத்தின் கைபடாமல் வங்கியிடமிருந்து கணக்காய்வாளருக்கு நேராக உறுதிச் சான்று வந்துசேரும் மின்னியல் வழி இன்று மலேசியாவிலும் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில், நம் சங்கத்தின் வங்கி இருப்பு அப்படிக் கேட்டுப் பெற்றதுதானா என்று யாராவது எழுந்து கேட்கலாம்.