தொட்டிக்கும் வயிறு உண்டு

காங்கயம் பக்கத்தில் பெரியம்மாவின் தோட்டம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்தபடி ஒரு சாண எரிவாயுக் கலன். செங்கல் கவிகை வைத்துக் கட்டிய ‘தீனபந்து’ வகை. 1984-இல் வந்த அமைப்பு. துருப்பிடிக்க இரும்புக் கொப்பரை கிடையாது. 2 கன மீட்டர் வாயு வேண்டுமென்றால் தினமும் 50 கிலோ சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். அந்த வீட்டுக் காபியும் குழம்பும் பல வருஷமாக அதில்தான் கொதிக்கின்றன.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்ட மனசு வராமல், மூன்று அண்டாவை வண்டியில் ஏற்றி வந்து கலனில் கவிழ்த்தோம். யோசனை என்னுடையது. எடைக்கு எடை பார்த்தால் சாணத்தைவிடச் சோறு பல மடங்கு வாயு தரும் என்று படித்திருந்தேன். படித்ததில் தப்பில்லை. சாணம் என்பது மாடு ஏற்கெனவே செரித்துச் சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம்தானே!

இரண்டாம் நாள் காலை அடுப்பைத் திருகினால் வாயு சீறிக்கொண்டு வந்தது. தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது. வெளித்தொட்டியில் வழிந்த கரைசலில் வழக்கமான மண்வாடை இல்லை. ஊசிப்போன நீராகாரம் மாதிரி மூக்கில் ஏறியது. பெரியம்மா குனிந்து மோந்து பார்த்தார்.

“அதுக்கு வவுறு கெட்டுப்போச்சு கண்ணு. கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடோணும்” என்றார்.

நுண்ணுயிரியல் பேராசிரியர் வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், கொஞ்சம் நீளமாக. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பார்கள்: மாட்டுக்குப் பாசத்தில் பொங்கலை அள்ளி அள்ளிக் கொடுக்காதீர்கள் என்று. மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். எங்கள் கலனுக்கு நடந்ததும் அச்சு அசலாக அதுவே.

கலனுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம், போட்டதை உடைத்துப் புளிக்க வைத்து அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். இரண்டாவது கூட்டம் அவற்றைத் தின்று மீத்தேனை விடும். முன்னது சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். பின்னதில் பலவற்றுக்கு நாட்கணக்கில் நேரம் தேவை. மூன்று அண்டா சோறு விழுந்ததும் முதல் கூட்டம் பந்தியில் புகுந்து அமிலத்தைக் கொட்டித் தீர்த்தது. அடுத்த கூட்டம் அந்தப் புளிப்பிலேயே முடங்கிவிட்டது. அதனால்தான் வந்ததில் பெரும்பகுதி கரியமில வாயு. குச்சி அணையாமல் என்ன செய்யும்?

அந்த மீத்தேன் கூட்டம் பாக்டீரியாவே அல்ல. 1977-இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இது தனிக் குலம் என்று காட்டினார்கள். ஆர்க்கியா என்று இன்று சொல்கிறோம். அதற்குப் பத்தாண்டு முன்பு நடந்த கதை இன்னும் சுவையானது. மது சாரத்தை மீத்தேனாக்கும் ஒரு நுண்ணுயிரை ஆய்வகங்களில் பல காலமாக வளர்த்து, பெயரும் சூட்டி, ஒரே உயிர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1967-இல் மார்வின் பிரையன்ட்டும் கூட்டாளிகளும் அது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். ஒன்று சாராயத்தை உடைத்து ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அந்த உயிரின் வேலையே நின்றுபோகும். மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று மீத்தேனாக்குகிறது. கூட்டுக் குடித்தனம். தனித்தனியே விட்டால் முதலாவதற்குச் சாராயத்தில் பிழைப்பு ஓடாது. இரண்டாவதற்கோ சாராயத்தைத் தொடவே தெரியாது.

வாயுவைக் கூட்டும் உயிரியல் வழிகள் பெரும்பாலும் இந்தக் குடித்தனத்தைக் கவனிப்பதில்தான் இருக்கின்றன. முதலாவது, உறை. பாலுக்கு மோர் விடுவதுபோல, புதுக் கலனுக்கு நன்றாக ஓடும் கலனின் கரைசலை ஊற்றினால் வாரக்கணக்கில் காத்திருப்பது குறையும். கடைகளில் நுண்ணுயிர்ப் பொடி என்று பாக்கெட் விற்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வெளியிலிருந்து வரும் உயிர், உள்ளே வேரூன்றிய கூட்டத்தோடு போட்டிபோட முடியாமல் பெரும்பாலும் கரைசலோடு அடித்துச் செல்லப்படும். பக்கத்துத் தோட்டத்துக் கரைசல் அதே தீனிக்கும் அதே வெயிலுக்கும் பழகியது, காசும் கேட்காது.

இரண்டாவது, பத்தியம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் கலனுக்கு ஒத்துக்கொள்ளும். சாணம் கிட்டத்தட்ட அந்த அளவில் தானாகவே இருக்கிறது. கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம்; அதை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி மீத்தேன் கூட்டம் சுருண்டுவிடும். மரவள்ளித் திப்பி நேர் எதிர்: வெறும் மாவும் நாரும். நாமக்கல்லில் கோழிப் பண்ணை, சேலத்தில் ஜவ்வரிசி ஆலை. ஒன்றில் மிஞ்சுவது மற்றதில் குறைவது. இரண்டையும் அளவாகக் கலந்தால் தனித்தனியே போடுவதைவிட வாயு கூடும். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு இப்படியொரு பொருத்தம் அமைவது அபூர்வம்.

வைக்கோல்தான் வம்பு. லிக்னின் என்ற மரப்பசை நாரைச் சிமெண்ட் மாதிரி பூட்டி வைத்திருக்கிறது. சிப்பிக் காளான் அந்தப் பூட்டை ஓரளவு திறக்கும். காளான் அறுத்த பிறகு மிஞ்சும் வைக்கோலைக் கலனுக்குக் கொடுத்தால் எளிதாகச் செரிக்கும். இன்னொரு பூஞ்சை மாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்று பாடமாக இருந்த காலத்தில், 1975-இல், ஆட்டின் முதல் வயிற்றில் நீந்தும் சில நுண்ணுயிர்கள் பூஞ்சைகளே என்று காலின் ஆர்பின் அறிவித்தார். நாரைத் துளைத்துப் புகுந்து பிளக்கும் கில்லாடிகள். கலனில் இவற்றைக் குடியேற்றப் பார்க்கிறார்கள். நெடுநாள் தங்க மறுக்கின்றன. மாட்டு வயிற்றின் 39 டிகிரிச் சூட்டையும் ஓயாத அசைபோடலையும் தொட்டி எங்கே தரும்?

பெரிய ஆலைகளில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கவும் பாக்டீரியாவே உதவுகிறது. அளந்து துளிக் காற்றை உள்ளே விட்டால் அதைக் கந்தகமாக்கிச் சுவரில் மஞ்சளாகப் படிய வைக்கும். வீட்டில் யாரும் முயல வேண்டாம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் அது வெடிமருந்து.

எங்கள் கலனுக்கு வருவோம். அமிலம் ஏறிய மாட்டுக்கு மருத்துவர் சோடா உப்புக் கொடுப்பார். நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்துப் புகட்டுவதும் உண்டு. நாங்களும் அதையே செய்தோம். தீனியை நிறுத்தினோம். தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கரைசல் கொண்டுவந்து குடம் குடமாக ஊற்றினோம். தினமும் காலையில் பெரியம்மா வெளித்தொட்டியை மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஆகல” என்று உதட்டைப் பிதுக்குவார். இரண்டு வாரம் விறகடுப்புதான். யாரும் என்னைத் திட்டவில்லை. விறகு மட்டும் என்னைப் பிளக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் விடிகாலையில் நீலமாகப் பற்றியது. இப்போது மீந்த சோறு இருந்தால் பெரியம்மா அதைச் சாணக் கரைசலில் பிசைந்து ஒரு போசி மட்டும் ஊற்றுகிறார். மறுநாள் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த போசி.