வெர்னர் போர்ஸ்மன்னின் இதய வடிகுழாய் ஆய்வு

வெர்னர் போர்ஸ்மன் (1904–1979) ஜெர்மானிய மருத்துவர். உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் கைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தலாம் என்று 1929இல் காட்டியவர். அப்போது அவர் பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சியில் இருந்தார். வயது ஏறத்தாழ 25. இந்த ஆய்வுக்காக 1956இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆய்வின் நோக்கம்

அக்காலத்தில் உயிருக்கு ஆபத்தான நிலையில் மருந்தை இதயத்தில் சேர்க்க, மார்புச் சுவர் வழியாக ஊசியைக் குத்துவார்கள். ஊசி இதயத்தின் இரத்தக் குழாய்களைக் கிழித்துவிடக்கூடும். பிரெஞ்சு ஆய்வாளர்களான ஷோவோவும் மாரேயும் 19ஆம் நூற்றாண்டில் குதிரையின் கழுத்துச் சிரை வழியே இதயத்துக்குள் குழாய் செலுத்தியிருந்தனர். அந்தப் படத்தைப் பார்த்த போர்ஸ்மன், மனிதரின் முழங்கை மடிப்புச் சிரையிலிருந்தும் அங்கே போகலாமே என்று எண்ணினார். சிரைகளில் இரத்தம் இதயத்தை நோக்கியே ஓடுவதால் குழாய் செல்ல வேண்டிய திசையும் அதுவே.

சோதனை

தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார். கிருமி நீக்கிய கருவிகளோ அறுவை அரங்கச் செவிலியரின் பொறுப்பில் இருந்தன. தன்வரலாற்றில் போர்ஸ்மன் கூறுவதன்படி, அந்தச் செவிலியர் தன்மீதே சோதனை செய்யச் சம்மதித்தார். அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, போர்ஸ்மன் மரத்துப்போகும் ஊசியைத் தன் இடது கையில் போட்டுக்கொண்டார். சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்குப் பயன்படும் மெல்லிய வடிகுழாயைச் செலுத்தினார். செவிலியர் உண்மையை அறிந்தபோது குழாய் பாதி உள்ளே போயிருந்தது! அந்தக் குழாயோடே இருவரும் எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்றனர். திரையில் தெரிந்ததைக் கண்ணாடியில் பார்த்தபடி குழாயை மேலும் தள்ளினார் போர்ஸ்மன். எடுத்த படத்தில் அதன் முனை இதயத்தின் வலது மேலறையில் இருந்தது.

பெரிய உடல்நலக்குறைவு எதுவும் ஏற்படவில்லை. ஆனால் இச்செயலை இன்று எந்த மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. செவிலியரை ஏமாற்றியதையும் துணிச்சல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

பின்விளைவு

கட்டுரை 1929 நவம்பரில் ‘கிளினிஷே வோகன்ஷ்ரிஃப்ட்’ இதழில் வெளிவந்தது. பாராட்டு வரவில்லை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த இடமும் நிலைக்கவில்லை. இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரியல் மருத்துவரானார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போரில் இராணுவ மருத்துவராகச் சென்று கைதியானார்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்சும் 1940களில் இம்முறையை எடுத்து வளர்த்தனர். குழாய் வழியே இதய அறைகளின் அழுத்தத்தையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் கண்டு, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் செலுத்துகிறது என்று கணக்கிட்டனர். போர்ஸ்மன் வழி திறக்கும் என்றுதான் காட்டினார். அந்த வழியை நோயறியும் முறையாக்கியது இவர்கள் இருவருமே. நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டபோது போர்ஸ்மன் பாட் கிரோய்ட்ஸ்னாக் என்ற சிறுநகரில் சிறுநீரியல் மருத்துவராக இருந்தார்.

இன்று பலரும் அறிந்த ஆஞ்சியோகிராம் இதே பாதையில் செய்யப்படுவதன்று. அதில் குழாய் மணிக்கட்டு அல்லது தொடையிலுள்ள தமனி வழியே மகாதமனிக்குப் போய், இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய்களின் வாயை அடைகிறது. போர்ஸ்மன் சென்றது சிரை வழியே, இதயத்தின் வலப்பக்கத்துக்கு.