வெள்ளியங்கிரி நடைவழி

கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பூண்டியில், ஏழு மலைகளைக் கடந்து செல்லும் வெள்ளியங்கிரிப் பாதை தொடங்குகிறது. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை மக்களை அனுமதிக்கிறது. பேருந்துக் கட்டணம், கட்டுச்சோறு, அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி ஆகியவையே செலவு. வழுக்குப்பாறையில் அத்தடி மூன்றாம் காலாகிறது. வழியிலுள்ள சுனைகள் தாகம் தீர்க்கின்றன. ஆதலால் எளியோரும் இம்மலை ஏறுகின்றனர்.

ஆயினும், நம் செலவின்மை காட்டுக்கு இழப்பாகிவிடலாகாது. உணவின் மணம் படிந்த நெகிழிப்பையை யானை விழுங்கக்கூடும்; எஞ்சியது மழைநீருடன் ஓடைகளில் இறங்கும். இம்மலைத்தொடரில் பிறக்கும் நொய்யலே பேரூர், கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. மலையில் எறிந்தது ஊருக்கே திரும்புகிறது. எனவே, கொண்டுசென்ற பையைக் கையோடு கீழே கொண்டுவருதல் ஒவ்வொருவரின் கடமையாகும்.