முதியோர் இல்லத்தில் தொற்று: யாருக்கு எந்த முகக்கவசம்?

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சுவாசத் தொற்று பரவும்போது பயன்படும் முகக்கவசங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. சர்ஜிக்கல் மாஸ்க் தளர்வானது. அணிந்தவரின் எச்சில் துளி பிறர்மேல் படாமலும், பிறர் இருமலில் தெறிப்பது அணிந்தவரின் மூக்கிலும் வாயிலும் படாமலும் தடுப்பதே அதன் வேலை. பி2 அல்லது என்95 சுவாசக் கவசமோ முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு, மூச்சாக உள்ளே போகும் காற்றையே வடிகட்டுகிறது.

இந்த வேறுபாட்டை ஆஸ்திரேலியா கசப்பான வழியில் கற்றது. 2020 ஏப்ரலில் சிட்னியின் மேற்கே நியூமார்ச் ஹவுஸில் கொரோனா பரவி, அங்கு வாழ்ந்த 19 முதியோர் இறந்தனர். ஜூலையில் மெல்பர்னின் செயின்ட் பேசில்ஸ் இல்லத்தில் 45 பேர் இறந்தனர். முதியோர் பராமரிப்பு குறித்த அரச விசாரணை ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, ஒவ்வொரு இல்லத்திலும் தொற்றுத் தடுப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த நோய்க்கு எந்தக் கவசம் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.

கொரோனா, தட்டம்மை, நுரையீரல் காசநோய் ஆகியவை காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் பரவுகின்றன. இந்நோயாளிகளின் அறைக்குள் செல்லும் பணியாளருக்குப் பி2 தேவை. இன்ஃப்ளுயன்ஸாவுக்குச் சர்ஜிக்கல் மாஸ்க்கே நெடுங்கால வழக்கம். ஆனால் துளிவழி, காற்றுவழி என்ற பழைய கோடு இப்போது மங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் துகளின் அளவை வைத்து நோய்களைப் பிரிப்பதைக் கைவிட்டது. ஆகவே காய்ச்சலும் இருமலும் பலருக்கு ஒரே நேரத்தில் தொடங்கி, காரணம் இன்னும் தெரியாத நிலையில், உயர்ந்த பாதுகாப்பில் தொடங்கிப் பரிசோதனை முடிவு வந்தபின் குறைப்பதே விவேகம். நோரோ வைரஸ் வாந்தி-வயிற்றுப்போக்கின் கதை வேறு. அங்கே சோப்பும் தண்ணீரும் கையுறையும்தான் முதன்மை. சர்ஜிக்கல் மாஸ்க் வாந்தியைத் துடைக்கும்போது தெறிப்பதைத் தடுக்க மட்டுமே.

ஆஸ்திரேலியத் தரநிலையின்படி சர்ஜிக்கல் மாஸ்க் மூன்று நிலைகளில் வருகிறது. நிலை உயர உயர, தெறிக்கும் திரவத்தைத் தாங்கும் திறனும் உயரும். பி2 குறைந்தது 94 விழுக்காடு நுண்துகள்களையும், அமெரிக்கத் தரநிலையான என்95 குறைந்தது 95 விழுக்காட்டையும் தடுக்க வேண்டும். இந்த ஒரு விழுக்காட்டைப் பற்றி வாதிடுவது வீண். மூக்கோரம் ஒரு சிறு இடைவெளி இருந்தால், காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த வழியாகவே போகும். உறையில் அச்சிட்ட எண்ணைவிட அணிபவரின் முக அமைப்பே இங்கு முக்கியம்.

அதற்காகவே பொருத்தச் சோதனை இருக்கிறது. கவசம் அணிந்தவரின் தலையை ஒரு கூடாரத் துணியால் மூடி, இனிப்பு அல்லது கசப்புச் சுவையுள்ள கரைசலை உள்ளே தெளிப்பார்கள். சுவை தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். வேறு அளவோ வேறு வடிவமோ தேட வேண்டும். கவசத்துக்கு உள்ளும் வெளியும் துகள்களை எண்ணும் கருவியாலும் இதைச் செய்யலாம். சிறிய முகம் கொண்ட பெண்களுக்கும் ஆசியர்களுக்கும் வழக்கமான அளவு பொருந்தாமல் போவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஒரே மாதிரியை மட்டும் வாங்கி அடுக்கும் நிர்வாகம் இதைக் கவனிப்பதில்லை. கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் தாடி இருந்தால் எந்தப் பி2-வும் ஒட்டாது. மத நம்பிக்கையால் தாடி வைத்திருப்பவருக்கு, விசிறியால் வடிகட்டிய காற்றை அனுப்பும் தலைமூடிக் கருவி மாற்று வழி.

சோதனையில் தேறிய கவசத்தையும் ஒவ்வொரு முறை அணியும்போது சரிபார்க்க வேண்டும்: இரு கைகளாலும் மூடி மூச்சை விட்டு, ஓரங்களில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது. சில கவசங்களில் உள்ள வால்வு, அணிந்தவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். முதியோர் நடுவே அது ஏற்றதல்ல. ஆல்கஹால் கலவை தெளித்து மீண்டும் அணிவதும் தவறு. துகள்களைப் பிடித்து வைக்கும் மின்னேற்றம் அதில் அழிந்துவிடும். ஈரமானதும் அழுக்கானதும் கிழிந்ததும் குப்பைக்கே.

இல்லத்தில் வாழும் முதியோர் நிலை வேறு. அறையை விட்டு வெளியே வரும்போது, தாங்க முடிந்தால் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். மூச்சுத்திணறல் உள்ளவருக்கும் தானாகக் கழற்ற முடியாதவருக்கும் எந்தக் கவசமும் போடக்கூடாது. மறதிநோய் உள்ளவர் பிடுங்கி எறிந்தால் வற்புறுத்துவது கவனிப்பு ஆகாது. காது மந்தமானவர் உதடு பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதால், பணியாளரின் கவசம் அதை மறைக்கும்போது எழுதிக் காட்டும் பலகையும் கைவசம் இருக்க வேண்டும். சன்னலைத் திறப்பதும் காற்று வடிகட்டியை ஓட்டுவதும் கவசம் அணிய முடியாத முதியோருக்குக் கவசத்தைவிடப் பெரிய உதவி.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், பாதுகாப்பான கவனிப்பையும் தனக்கு முக்கியமானவர்களோடு தொடர்பில் இருப்பதையும் உரிமைகளாகப் பட்டியலிடுகிறது. தொற்றைக் காட்டி உறவினரைக் காலவரையின்றித் தடுக்கும் இல்லத்திடம், கவசம் அணிந்து வர ஏன் முடியாது என்று கேட்க இதுவே அடிப்படை. இதைப் பற்றியோ பணியாளரின் கவசம் பற்றியோ புகார் இருந்தால், முதலில் இல்ல மேலாளரிடம் எழுத்தில் கொடுப்பது நல்லது; தேதி, நேரம், பணியாளர் என்ன அணிந்திருந்தார் என்பவை அதில் இருக்கட்டும். பலன் இல்லாவிட்டால் முதியோர் பராமரிப்புத் தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தை 1800 951 822 எண்ணில் அழைக்கலாம். பெயர் சொல்லாமலும் முறையிடலாம். உடனிருந்து வாதாடும் இலவச உதவி 1800 700 600 எண்ணில் கிடைக்கும். தமிழில் பேச விரும்புவோர் 131 450-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

பணியாளருக்கும் சட்டத் துணை உண்டு. விக்டோரியாவுக்குத் தனிச்சட்டம் இருக்க, மற்ற மாநிலங்களில் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் ஒரே அமைப்பில் உள்ளது. அதன்படி கவசத்தின் விலையைப் பணியாளரிடம் வசூலிக்கக்கூடாது. தருவது அவருக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். பயன்படுத்தப் பயிற்சியும் தர வேண்டும். கடுமையான ஆபத்து உடனடியாக நேரும் என்று நியாயமான கவலை இருந்தால் அந்த வேலையை நிறுத்தி வைக்கும் உரிமையும் உண்டு. பாதுகாப்பு பற்றிக் கேள்வி எழுப்பியதற்காக வேலை நேரத்தைக் குறைத்தாலோ பணிநீக்கம் செய்தாலோ, தொழிற்சங்கத்திடமும் மாநிலப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பிடமும் முறையிடலாம்.